கிளப் டிஜேக்கான ஹெட்ஃபோன்: நீண்ட நாள் உழைப்பதைக் கைக்கு எட்டும் விலையில் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக டிஜே ஆகிறவர்கள் ஹெட்ஃபோன் வாங்கும் வரிசை பெரும்பாலும் இதுதான்: முதலில் பிராண்ட், அப்புறம் தள்ளுபடி, அப்புறம் யூடியூபில் ஒரு விமர்சனம், கடைசியில் காதில் மாட்டிப் பார்ப்பது. வீட்டில் எல்லாம் நன்றாகவே கேட்கும். கிளப்புக்குப் போனதும் மூன்றாவது பாட்டுக்குள் கியூ (அடுத்து போடப்போகும் பாட்டை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பது) காதில் விழாது. சில மாதம் போனால் ஒரு பக்கம் சத்தமே வராது.

கிளப் வேலைக்கு ஒலித்தரம் மூன்றாம் இடம்தான். வெளிச் சத்தத்தைத் தடுத்து அடுத்த பாட்டின் கிக்கை (பெரிய டிரம்மின் அடியை) தெளிவாகக் காட்டுவது முதலிடம். உடைந்த பாகத்தை மட்டும் மாற்ற முடிவது இரண்டாமிடம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் சில மாடல்கள் கழிந்துகொண்டே போகும். விலையைப் பார்க்கும் நேரத்தில் மூன்று நான்குதான் மிஞ்சும். அப்போது முடிவெடுப்பது சுலபம்.

1. கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நீங்கள் பாட்டு போடப்போகும் இடத்தில் என்ன மிக்ஸர் (பாட்டுகளைக் கலக்கும் கருவி) இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளப் மிக்ஸர்களில் பொதுவாக 6.3 மி.மீ. ஜாக் இருக்கும். பயனியர் டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2 போன்றவற்றில் 3.5 மி.மீ. ஜாக்கும் கூடவே உண்டு. வீட்டில் பழகும் சின்ன கண்ட்ரோலரில் 3.5 மட்டும் இருக்கலாம்.

அடுத்த கேள்வி: பூத்தில் (டிஜே நிற்கும் இடத்தில்) மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது டிஜே கேட்பதற்கென்று பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர், இருக்கிறதா? ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் எடுக்கும். மெயின் ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் பீட் உங்கள் காதுக்கு 30 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதச் சத்தத்தை நம்பி அடுத்த பாட்டைப் பொருத்தினால், உங்கள் காதில் சரியாக இருப்பது ஆடுகிறவர்கள் காதில் இரட்டைக் கிக்காக விழும். மானிட்டர் இல்லாத பூத்தில் மாஸ்டர் (கூட்டம் கேட்கும் பாட்டு), கியூ இரண்டையும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே கேட்டுத்தான் மிக்ஸ் பண்ண வேண்டும். அப்படிப்பட்ட இடம்தான் உங்களுக்கு அதிகம் என்றால், இரண்டு காதையும் முழுவதும் மூடும் பெரிய கப் தேவை. இது முன்கூட்டியே தெரிந்தால் பட்டியல் பாதியாகிவிடும்.

கடைசியாக, சோதிக்க இரண்டு பாட்டு. ஒன்றில் கிக்கும் ஹை-ஹேட்டும் (டிரம் செட்டின் மெல்லிய தட்டு ஒலி) சுத்தமாகப் பிரிந்து கேட்க வேண்டும். இன்னொன்றில் பாஸ் கனமாக இருக்க வேண்டும். இரண்டையும் போனில் தரவிறக்கி வையுங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எந்த ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பாட்டில்தான் குறை தெரியும்.

2. நீங்கள் அதை எப்படி மாட்டுவீர்கள் என்று பாருங்கள்

வீட்டில் பாட்டுக் கேட்பவர் ஒருமுறை மாட்டினால் ஒரு மணி நேரம் கழற்ற மாட்டார். டிஜே ஒரு செட்டில் எத்தனை தடவை மாட்டிக் கழற்றுகிறார் என்று எண்ணி முடியாது. ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே. அப்புறம் கழுத்துக்கு. அப்புறம் மறுபடி ஒற்றைக் காதுக்கு. சிலர் கப்பைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார்கள். தேய்மானம் முழுக்க இந்த அசைவுகளில்தான் நடக்கிறது.

அதனால் கப் திரும்ப வேண்டும். குறைந்தது 90 டிகிரி திரும்பினால், ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம். திரும்பாத கப்பை நாம் வளைத்து நெரித்துத்தான் வைப்போம். ஹெட்பேண்ட் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

காதை முழுதாகச் சூழும் கப்பா, காது மேல் அமரும் சின்ன கப்பா என்பது அடுத்த தேர்வு. சூழும் வகை வலிக்காது, சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் வியர்க்கும், பையில் இடம் அடைக்கும். மேல் அமரும் வகை இலேசானது, ஒற்றைக் காதுக்குச் சட்டென்று நகர்த்தலாம். ஆனால் நன்றாக அழுத்தினால்தான் சத்தத்தைத் தடுக்கும், அந்த அழுத்தம் சிலருக்கு அரை மணியில் வலியாகிவிடும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் கம்பி பேடுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்கும்; பாஸ் அந்த வழியாகத்தான் கசியும். பெரிய காதணி போடுகிறவர்களுக்கும் இதுதான்.

3. சத்தத்தைத் தடுப்பது: இங்கே அவசரப்படாதீர்கள்

பின்பக்கம் மூடிய வகையை மட்டும் பாருங்கள். பின்பக்கம் திறந்த வகையும் அரைகுறையாகத் திறந்த வகையும் ஸ்டுடியோவுக்கு அழகானவை. கிளப்பில் மெயின் ஸ்பீக்கர் சத்தம் அவற்றுக்குள் நேராக வந்துவிடும். பேடும் தோல் மாதிரியான மிருதுவான உறை போட்டதாக இருக்கட்டும். வெல்வெட் மாதிரித் துணி பேட் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சத்தத்தை உள்ளே விடும்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம், தடுப்பு குறைவாக இருந்தால் நீங்கள் கியூ வால்யூமை ஏற்றுவீர்கள் என்பதுதான். கியூ ஏறினால் மானிட்டர் சின்னதாகத் தெரியும், அதையும் ஏற்றுவீர்கள். அப்புறம் கியூ மறுபடி கேட்காது. இந்தப் போட்டி ஆரம்பித்த பூத்தில் நடு இரவுக்குள் இரண்டு குமிழும் உச்சத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

காது அதைத் தாங்காது. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் அளவு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட இசை அரங்குகளுக்கான நெறிமுறையில் சராசரி ஒலிக்கு 100 டெசிபலை உச்ச வரம்பாக வைத்தது. டிஜே வாரத்துக்குப் பல இரவு அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறார். போன செவித்திறன் திரும்ப வராது. ஹெட்ஃபோனை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. தடுப்பு நன்றாக உள்ள ஹெட்ஃபோனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை நான் வீண் செலவாக நினைக்கவே மாட்டேன்.

கடையில் சோதிக்கும் முறை எளிது. ஹெட்ஃபோனில் எதையும் போடாமல் மாட்டிக்கொள்ளுங்கள். கடையில் ஒரு ஸ்பீக்கரைச் சத்தமாக ஓடவிடச் சொல்லுங்கள். குரலும் ஹை-ஹேட்டும் நன்றாக மங்க வேண்டும். பாஸ் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். இப்போது உங்கள் பாட்டைப் போட்டு, வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கிக்கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ண முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த மாடலுக்கும் இதையே செய்யுங்கள். எது தாழ்ந்த வால்யூமில் எண்ண விடுகிறதோ அதுதான் உங்களுடையது.

நாய்ஸ் கேன்சலிங் உள்ளதை வாங்கினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விமான இரைச்சல் போல ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் அது பொருத்தம். கிளப் சத்தம் அடித்து அடித்து வருவது. பேட்டரி தீர்ந்தால் அந்தத் தடுப்பும் போய்விடும்.

4. பெட்டி மேல் உள்ள எண்களில் இரண்டு போதும்

இம்பீடன்ஸ் (ஹெட்ஃபோனின் மின் தடை) 32 முதல் 70 ஓம் வரை இருக்கட்டும். மிக்ஸரிலும் கண்ட்ரோலரிலும் இருக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப் அந்த அளவுக்கு வசதியாகச் சத்தம் கொடுக்கும். ஒரே மாடல் பல ஓம்களில் வருவதும் உண்டு: பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம்களில் கிடைக்கிறது. விலை குறைவாகக் கிடைத்தது என்று 250 ஓமை எடுத்துவிட்டு, கண்ட்ரோலரில் சத்தம் போதவில்லை என்று தவிக்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது எண் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று போடும். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மில்லிவாட் எண்ணை வோல்ட் எண்ணாக்க, 32 ஓமுக்குச் சுமார் 15 கூட்டுங்கள். 64 ஓமுக்கு 12. 250 ஓமுக்கு 6. ஆக, மில்லிவாட்டுக்கு 102 என்று போட்ட 32 ஓம் ஹெட்ஃபோன் வோல்ட்டுக்கு 117. மில்லிவாட்டுக்கு 96 என்று போட்ட 250 ஓம் ஹெட்ஃபோன் 102 மட்டுமே. பெட்டியில் 6 டெசிபல் வித்தியாசமாகத் தெரிந்தது மிக்ஸரில் 15 ஆகிறது.

5 முதல் 30,000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை விட்டுவிடுங்கள். மனிதக் காது கேட்பதே ஏறத்தாழ 20 முதல் 20,000 வரைதான்.

5. கியூவுக்கு ப்ளூடூத் வேண்டாம்

128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு பீட்டின் நீளம் ஏறக்குறைய 469 மில்லிசெகண்ட். சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதம் சகஜம். அதாவது அரை பீட் வரை தள்ளிக் கேட்கும். அதை வைத்து பீட்மேட்ச் (இரண்டு பாட்டின் பீட்டையும் பொருத்துவது) பண்ண முடியாது. ப்ளூடூத், கேபிள் இரண்டும் உள்ள மாடல் என்றால் பரவாயில்லை, கேபிளோடு பயன்படுத்தலாம். ஆனால் ப்ளூடூத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

6. கேபிள், ஜாக், அடாப்டர்

முதலில் செத்துப்போவது பெரும்பாலும் கேபிள். ஆகவே, கேபிள் கழற்றி மாட்டும்படி இல்லையென்றால் அந்த மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நிலையாகப் பொருத்திய கேபிள் அறுந்தால் கப்பைத் திறந்து சால்டரிங் செய்ய வேண்டும். அதை நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை எட்டு மணிக்கு அறுந்தால் அதெல்லாம் உதவாது. மாற்றுக் கேபிள் பையில் இருந்தால் பத்து வினாடியில் மாற்றிவிடலாம்.

கழற்றக்கூடிய கேபிள் என்றாலும் கப்பில் நுழையும் முனை என்ன வகை என்று பாருங்கள். சாதாரண 3.5 மி.மீ. என்றால் எங்கும் கிடைக்கும். பூட்டிக்கொள்ளும் 2.5 மி.மீ. அல்லது மினி எக்ஸ்எல்ஆர் என்றால் இழுத்தாலும் கழன்று வராது, ஆனால் அதற்கென்று உள்ள கேபிளைத் தேடித்தான் வாங்க வேண்டும். இரண்டுமே சரிதான். பூட்டுகிற வகை வாங்கினால், ஹெட்ஃபோனோடு சேர்த்து அன்றே ஒரு உபரிக் கேபிளும் வாங்கிவிடுங்கள்.

சுருள் கேபிளா, நேர் கேபிளா? பூத்தில் சுருளே வசதி. 1.2 மீட்டர் சுருள், இழுத்தால் 3 மீட்டர் வரை நீளும், விட்டால் காலில் சிக்காமல் மேலேறிவிடும். 3 மீட்டர் நேர் கேபிள் தரையில் கிடக்கும், யாராவது மிதிப்பார்கள். சுருளின் எடை கழுத்தை இழுப்பது பிடிக்காதவர்களுக்கு ஒன்றரை மீட்டர் நேர் கேபிள் போதும்.

அடாப்டர் விஷயத்தில் எல்லாரும் சறுக்குகிறார்கள். திருகிப் பூட்டும் 6.3 அடாப்டரையே பயன்படுத்துங்கள். திருகு இல்லாத அடாப்டர், பிளக்கை உருவும்போது மிக்ஸர் ஜாக்கிலேயே தங்கிவிடும். அதோடு அது உங்களுடையது இல்லை. எல்லாத் திருகும் எல்லாப் பிளக்குக்கும் பொருந்தாது, அதனால் கடையிலேயே திருகிப் பார்த்து வாங்குங்கள். 3.5 பிளக், நீட்டும் கேபிள், அடாப்டர் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து மாட்டாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டையில் கை பட்டால் கிளப்பின் மிக்ஸர் ஜாக் பழுதாகும்.

7. கீல்களை விரலால் பாருங்கள்

ஹெட்ஃபோனைக் கையில் எடுத்து, நீளம் கூட்டிக் குறைக்கும் பட்டையை முழுவதும் வெளியே இழுங்கள். உள்ளே தெரிவது உலோகமா, பிளாஸ்டிக்கா? ஒரு கப்பிலிருந்து மற்றதுக்குப் போகும் மெல்லிய ஒயர் அங்கே வெளியே தெரிகிறதா? தெரிந்தால், பட்டையைத் திரும்ப உள்ளே தள்ளி ஒயர் எங்கும் நசுங்குகிறதா என்று பாருங்கள். நசுங்கும் ஒயர் ஒருநாள் அறும், அதைச் சரிசெய்வது சிரமம்.

அடுத்து கப்பைப் பிடித்திருக்கும் கவை. கவை ஹெட்பேண்டோடு சேரும் இடத்தில் ஆணி உள்ளதா, வெறும் பிளாஸ்டிக் முனையா? ஆணி இருந்தால் இறுக்கலாம், கழற்றலாம். பிளாஸ்டிக் முனை உடைந்தால் பசை போட்டு ஒட்டினாலும் நிற்காது. எடையும் திருகலும் அந்த ஒரே புள்ளியில்தான் வருகிறது. மடங்கும் கீல் பைக்கு வசதி, ஆனால் ஒவ்வொரு மடிப்பும் உடையக்கூடிய இன்னொரு இடம். மடங்கவே மடங்காத, எளிமையான சட்டம் கொண்ட ஹெட்ஃபோன் அசிங்கமாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

8. விலை: உதிரி பாகத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு மாடலை முடிவு செய்யும் முன் அதன் இயர்பேட், கேபிள் இரண்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது தூக்கிப்போடும் பொருள்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் ஹெட்ஃபோன் ஒரு வருடத்தில் உடைந்தால், மாதத்துக்கு 333 ரூபாய். 10,000 ரூபாய் ஹெட்ஃபோனுக்கு ஐந்து வருடத்தில் பேட், கேபிள் என்று இன்னொரு 4,000 செலவானாலும் மாதத்துக்கு 233 தான். கையில் இப்போது 4,000 தான் இருக்கிறது என்றால், அந்த விலையிலேயே கேபிள் கழலக்கூடியதாக, பேட் மாற்றக்கூடியதாகப் பாருங்கள். ஒலி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

9. இந்தச் சல்லடையில் தேறும் மாடல்கள்

சென்ஹைசர் ஹெச்டி 25: 1988-இல் வந்தது, இன்றும் கிடைக்கிறது. காது மேல் அமரும் வகை, 70 ஓம், கேபிள் இல்லாமல் 140 கிராம். இரண்டாகப் பிரியும் ஹெட்பேண்ட், ஒற்றைக் காதுக்குத் திரும்பும் கப். கேபிள், பேட், ஹெட்பேண்ட், காதுப் பகுதி எல்லாம் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். அழுத்தம் அதிகம், காது வலித்தால் வாங்காதீர்கள். அழுத்தம் ஒத்துக்கொண்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆடியோ-டெக்னிக்கா ஏடிஹெச்-எம்50எக்ஸ்: ஸ்டுடியோவுக்காகச் செய்தது, ஆனால் கப் 90 டிகிரி திரும்பும், 38 ஓம், காதைச் சூழும் வகை. பெட்டியிலேயே மூன்று கேபிள் வரும், அதில் ஒன்று சுருள். வீட்டில் பாட்டு தயாரிக்கவும் கிளப்புக்கும் ஒரே ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் இது.

பயனியர் டிஜேயில் ஹெச்டிஜே-கியூ1 ஆரம்பக்காரர்களுக்கானது. ஹெச்டிஜே-எக்ஸ்5 அதற்கு மேல், காதைச் சூழும் வகை. இரண்டும் 32 ஓம். பாகங்களைக் கழற்றிச் சேர்க்கும் யோசனையை முழுதாகச் செய்திருப்பது டிஎம்ஏ-2 என்ற டென்மார்க் மாடல். இறக்குமதிச் செலவு சேர்த்துப் பாருங்கள்.

இவற்றின் போலிகளும் உலவுகின்றன. சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஜிஎஸ்டி பில்லோடு, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். தொடர் எண் பெட்டியிலும் ஹெட்ஃபோனிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

10. பழையது வாங்குவதென்றால்

பேட் கிழிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கீலில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம்.

பாட்டு ஓடும்போது கேபிளைப் பிளக் பக்கம் மெல்ல வளையுங்கள், அப்புறம் கப் பக்கம், அப்புறம் ஹெட்பேண்டை நீட்டிக் குறையுங்கள். பிளக் பக்கம் கரகரத்தால் கேபிள் மாற்றினால் சரியாகும். நீட்டிக் குறைக்கும்போது கரகரத்தால் உள் ஒயர் போய்விட்டது, விட்டுவிடுங்கள். பாஸ் பாட்டில் ஒரு பக்கம் மட்டும் அதிர்ந்து இரைந்தால், பேடைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் உள்ளே விழுந்த ஒரு தலைமுடிதான் டிரைவரில் (கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகத்தில்) உரசிக்கொண்டிருக்கும்.

11. வாங்கிய பிறகு, முதல் இரவுக்கு முன்

வீட்டில் முழு செட் நேரத்துக்கு மாட்டிப் பழகுங்கள். குனிந்து மிக்ஸரைப் பார்க்கும்போது நழுவுகிறதா, தாடை வலிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

கிளப்பில் பிளக் செருகும் முன் ஹெட்ஃபோன் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முந்தைய டிஜே அதை எங்கே வைத்துவிட்டுப் போனார் என்று தெரியாது. மிக்ஸரில் மோனோ ஸ்பிளிட் வசதி இருந்தால் ஒரு காதில் கியூ, மறு காதில் மாஸ்டர் கேட்கும். அது போட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். தெரியாமல் விட்டால் ஒரு பக்கம் கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள்.

பையில் உபரிக் கேபிள், இரண்டு அடாப்டர், ஒயருள்ள ஒரு சாதா இயர்போன். கெட்டியான பெட்டி ஒன்று இருந்தால் நல்லது. கேபிளைக் கப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், நுழையும் இடத்தில்தான் ஒயர் முறியும். கழற்றித் தளர்வாகச் சுற்றி வையுங்கள்.

செட் முடிந்ததும் பேடை ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு மூடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வையோடு பெட்டியில் பூட்டிய பேட் சீக்கிரம் தோலுரியும். காரில் வெயிலில் விட்டாலும் அதே கதிதான். உரியாவிட்டாலும், பேடின் நுரை விரலால் அழுத்தி எடுத்ததும் எழும்பாமல் தட்டையாகவே கிடந்தால் புதுசு போடுங்கள். நுரை தட்டையானால் காதைச் சுற்றி இடைவெளி விழுந்து, கியூ வால்யூம் மறுபடி மேலே போக ஆரம்பிக்கும்.